எச்.ஐ.வி. பரிசோதனை: நம்பிக்கை மையமா, தனியார் லேபா, வீட்டுக் கிட்டா?

"ராமநாதபுரத்தில் அரசு ஆஸ்பத்திரியில் எடுக்கலாமா, இல்லை மதுரைக்குப் போய் நல்ல லேபில் எடுக்கலாமா?" எச்.ஐ.வி. பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கீழக்கரையிலிருந்து சவூதி வேலைக்கு மெடிக்கல் போகவேண்டிய பையன் கேட்கிறான். மங்களூர்ப் பக்கம் மீன்பிடி போட்டில் பல மாதம் இருந்துவிட்டுத் தங்கச்சிமடம் திரும்பியவர் கேட்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தடவை எடுத்துவிட்டு, "ராமநாதபுரம் போய் இன்னொரு தடவை எடுத்துட்டு வாங்கம்மா" என்று அனுப்பப்பட்ட கர்ப்பிணியின் அம்மா நடுங்கிக்கொண்டு கேட்கிறார்.

எல்லாரும் இடத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள்: அரசு ஆஸ்பத்திரியில் இருக்கும் நம்பிக்கை மையமா, தனியார் லேபா, வீட்டிலேயே பார்க்கும் கிட்டா என்று. ஆய்வகத்தில் வேலை செய்கிறவன் என்ற முறையில் நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விகள். சந்தேகப்படும் நாளிலிருந்து இன்றைக்கு எத்தனை நாள் ஆகிறது? முதல் டெஸ்டில் கோடு விழுந்தால் (அதாவது "இருக்கிறது" என்று காட்டினால்) இரண்டாவது, மூன்றாவது டெஸ்டை யார் செய்து தரப்போகிறார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் எங்கே போவது என்பது பாதி தீர்ந்துவிடும்.

72 மணி நேரம் ஆகவில்லை என்றால்

ஆணுறை கிழிந்தது, ஊசி குத்தியது, பலாத்காரம் என எதுவாக இருந்தாலும் 72 மணி நேரத்துக்குள் இருக்கிறீர்கள் என்றால் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். தொற்று ஒட்டாமல் தடுக்க 28 நாள் சாப்பிடும் மருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன். 72 மணி நேரம் தாண்டினால் அதைத் தொடங்குவதில்லை. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு ராத்திரியும் திறந்திருக்கும். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த மருந்து சாப்பிட்டவர்களுக்குக் கீழே வரும் நாள் கணக்கு பொருந்தாது. மருத்துவர் சொல்லும் தேதிகளில்தான் டெஸ்ட் எடுக்க வேண்டும்.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

முதலாவது நாள் கணக்கு. கிருமி உடம்புக்குள் நுழைந்த அன்றே எந்த டெஸ்டும் அதைக் காட்டாது. முதலில் கிருமியின் மரபுப்பொருள் ரத்தத்தில் தெரியும், அப்புறம் பி24 என்ற அதன் புரதம், அதற்கும் பிறகுதான் நம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம். எந்த டெஸ்ட் இதில் எதைத் தேடுகிறது என்பதைப் பொறுத்து அது எத்தனையாவது நாளில் கண்டுபிடிக்கும் என்பது மாறும். மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். வகை 10 முதல் 33 நாளில் காட்டும். புரதத்தையும் எதிர்ப்புப் புரதத்தையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறை டெஸ்ட், நரம்பில் எடுத்த ரத்தத்தில் செய்தால், 18 முதல் 45 நாளில் காட்டும். எதிர்ப்புப் புரதத்தை மட்டும் தேடும் ரேபிட் கிட்டுக்கு 23 முதல் 90 நாள் வரை ஆகலாம்.

இதில் நீங்கள் பார்க்க வேண்டியது பெரிய எண்ணைத்தான். "23 நாளில் தெரியும்" என்றால் சிலருக்கு 23-இல் தெரிய ஆரம்பிக்கும் என்று அர்த்தம். ரேபிட் கிட்டில் 90 நாள் தாண்டிய பிறகும் ஒன்றும் இல்லை என்றால்தான் அந்தச் சம்பவத்தைப் பொறுத்தவரை நிம்மதியாக இருக்கலாம். இருபதாவது நாளில் எடுத்த ரேபிட் டெஸ்டை நம்பி மனைவியோடு பழையபடி இருக்க ஆரம்பித்தவர்களை எனக்குத் தெரியும். அந்தக் காகிதம் பொய் சொல்லவில்லை. அது பார்க்கும் பொருள் அன்றைக்கு ரத்தத்தில் இன்னும் வந்திருக்கவில்லை, அவ்வளவுதான். கிருமி மிக அதிகமாகப் பெருகி, மற்றவருக்கு எளிதில் பரவும் காலமும் அந்த முதல் சில வாரங்கள்தான்.

இரண்டாவது, உறுதி. இதை நிதானமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முதல் டெஸ்ட் என்பது சின்னக் கண் வலை மாதிரி. ஒன்றுகூடத் தப்பக்கூடாது என்று வீசுவதால் வேண்டாததும் சேர்ந்து ஏறும். கரையில் கொட்டித் தரம் பிரித்த பிறகுதான் எது என்ன மீன் என்று தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆயிரத்துக்கு இரண்டு பேருக்குத் தொற்று இருக்கிறது. அப்படியானால் 10,000 பேரைச் சோதித்தால் உண்மையாகத் தொற்று உள்ளவர்கள் 20 பேர். தொற்று இல்லாதவர்களில் 99.5 சதவீதம் பேருக்குச் சரியாக "இல்லை" என்று சொல்லும் நல்ல கிட் என்றே வைத்துக்கொள்வோம். மீதி அரை சதவீதம், அதாவது சுமார் 50 பேருக்கு அது தவறாக "இருக்கிறது" என்று காட்டும். மொத்தம் 70 பேர் பயந்துபோய் நிற்பார்கள். அதில் 50 பேருக்கு ஒன்றும் கிடையாது. கிட்டில் குறை இல்லை. தொற்று அரிதாக இருக்கும் இடத்தில் எந்தக் கிட்டாக இருந்தாலும் இதுதான் நடக்கும். கர்ப்பம், சில மூட்டு-தோல் நோய்கள், அண்மையில் போட்ட தடுப்பூசி போன்றவையும் சில சமயம் இப்படிக் காட்ட வைக்கும்.

அதனால்தான் ஒரே டெஸ்டை வைத்து யாருக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது என்று சொல்லக்கூடாது என்பது விதி. இது புதிய விதியும் இல்லை. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தபோது, ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் எலிசா என்ற எதிர்ப்புப் புரத டெஸ்டில் சோதிக்கப்பட்டன. அதோடு விடாமல் அமெரிக்காவுக்கு அனுப்பி வேறொரு முறையிலும் சரிபார்த்த பிறகுதான் உறுதி செய்தார்கள்.

மூன்றாவது, யாருக்குத் தெரியும் என்பது. நம் கடற்கரை ஊர்களில் இதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. பாம்பனில் ஒருவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நான்காவது, பணமும் ஒரு நாள் தொழிலும். ஐந்தாவது, முடிவு கையில் கிடைத்த அந்த நிமிடம் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பது. கடைசியாகச் சொன்ன இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நான் இதற்கு முதல் வரிசையில் இடம் கொடுப்பேன்.

| | நம்பிக்கை மையம் | தனியார் லேப் (நான்காம் தலைமுறை) | வீட்டுக் கிட் | பி.சி.ஆர். |
|---|---|---|---|---|
| நம்பத்தக்க "இல்லை" எப்போது | 90 நாள் | 45 நாள் | 90 நாள் | தனியாக நம்பக்கூடாது |
| உறுதி செய்யும் வசதி | அங்கேயே, மூன்று கிட் | பெரும்பாலும் தனிக் கட்டணம் | கிடையாது | மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் |
| செலவு | இலவசம் | சில நூறு ரூபாய் | சில நூறு ரூபாய் | சில ஆயிரம் ரூபாய் |
| மறைமுகச் செலவு | ஒரு நாள் தொழில், தெரிந்தவர் கண் | வாட்சப்பில் வரும் ரிப்போர்ட், தொடர் டெஸ்டுகள் | தவறாகப் படித்தல், தனிமை | தேவையில்லாத அலைச்சல் |
| ஆலோசனை | உண்டு | அரிது | இல்லை | அரிது |

நம்பிக்கை மையம்

அரசு மருத்துவமனைகளில் இருக்கும் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையத்தைத் தமிழ்நாட்டில் இந்தப் பெயரில்தான் நமக்குத் தெரியும். முதலில் ஆலோசகர் பேசுவார், அப்புறம் ரத்தம் எடுப்பார்கள், பெரும்பாலும் அன்றைக்கே முடிவு சொல்லிவிடுவார்கள். பணம் கிடையாது.

இதன் பெரிய பலம் மூன்று கிட் முறை. முதல் கிட்டில் ஒன்றும் இல்லை என்றால் அதோடு முடிந்தது. கோடு விழுந்தால் அதே ரத்தத்தை, வேறு விதமாக வேலை செய்யும் இன்னும் இரண்டு கிட்டுகளில் போடுவார்கள். மூன்றிலும் விழுந்தால்தான் "பாசிட்டிவ்". முதலில் மட்டும் விழுந்து மற்ற இரண்டிலும் விழவில்லை என்றால் "நெகட்டிவ்". மூன்றில் இரண்டு ஒரு மாதிரியும் ஒன்று வேறு மாதிரியும் வந்து, முதல் கிட்டும் இன்னொன்றும் கோடு காட்டினால் "முடிவு தெரியவில்லை" என்று எழுதி, இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்வார்கள். மேலே சொன்ன அந்த 50 பேரை இந்த முறை கிட்டத்தட்ட முழுதாகப் பிரித்தெடுத்துவிடும். தனியாரில் இதே வேலைக்கு ஒவ்வொரு படிக்கும் காசு கட்ட வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்வது பெரும்பாலும் முதல் கிட் மட்டும்தான். அங்கே கோடு விழுந்தால் தாலுகா அல்லது மாவட்ட மருத்துவமனை மையத்துக்கு அனுப்புவார்கள். அப்படி அனுப்பப்பட்டவர் தனக்கு நோய் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆனால் போகாமல் இருந்துவிடவும் வேண்டாம். பஸ் ஏறுவதற்குப் பதில் வீட்டுக்குள் முடங்கிக்கொள்வதுதான் இந்தக் கட்டத்தில் நடக்கும் பெரிய இழப்பு.

குறைகளும் உண்டு. இந்த மையங்களில் அதிகம் புழங்குவது எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் கிட். ஆகவே மூன்று மாதம் ஆகாதவருக்கு "இல்லை" என்ற பதில் பாதிப் பதில்தான். ஆலோசகர் மறுபடி வரச் சொல்லும் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று நேரம். மையங்கள் புறநோயாளிப் பிரிவு நேரத்தில் இயங்குகின்றன. விடியக் கரை திரும்பி, மீனை இறக்கி, ஏலம் முடித்துக் கணக்குப் பார்த்துவிட்டு ராமேஸ்வரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போனால் மையம் மூடுகிற நேரமாகிவிடும். கடலுக்குப் போகாத நாளில் போவதுதான் வழி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் விசைப்படகுக்காரர்களுக்கு இதற்கு நல்ல காலம். தடைக்காலத் தொடக்கத்தில் ஒரு டெஸ்ட் எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் முடிவதற்குள் இன்னொன்றையும் எடுத்துவிடலாம்.

தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்ற பயத்துக்கு நேரான பதில் ஒன்று இருக்கிறது: உங்கள் ஊர் மையத்துக்குத்தான் போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தொண்டிக்காரர் பரமக்குடிக்குப் போகலாம், ஏர்வாடிக்காரர் மதுரைக்குப் போகலாம். நாட்டில் எந்த மையத்திலும் எடுக்கலாம். 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டால் எந்த ஊரில் மையம் இருக்கிறது என்று சொல்வார்கள். எச்.ஐ.வி. தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுப்பதும் முடிவை இன்னொருவருக்குச் சொல்வதும் அந்தச் சட்டப்படி பொதுவாகத் தவறு. மதுரைக்குப் போவதற்கு ஆகும் செலவையும் ஒரு நாளையும் லேபுக்குக் கொடுப்பதைவிட மதுரை நம்பிக்கை மையத்துக்குக் கொடுப்பது மேல் என்பது என் எண்ணம்.

தனியார் லேப்

இங்கே கிடைக்கும் உண்மையான ஆதாயம் நாள். சம்பவம் நடந்து ஆறேழு வாரம்தான் ஆகிறது, மனம் பொறுக்கவில்லை என்றால் நான்காம் தலைமுறை டெஸ்ட் 45 நாளில் தெளிவான பதில் தரும். அதை எடுப்பதென்றால் ரசீதில் "எச்.ஐ.வி. 1, 2 எதிர்ப்புப் புரதமும் பி24-உம்" தேடுகிற டெஸ்ட்தானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். லேபில் எடுத்தது என்பதற்காகவே அது நான்காம் தலைமுறை ஆகிவிடாது. நம்பிக்கை மையத்தில் வைக்கும் அதே மாதிரி ரேபிட் கிட்டை மேஜையில் வைத்துக் காசு வாங்கும் சின்ன லேபுகள் எல்லா ஊரிலும் உண்டு.

அப்புறம் ரத்தம் எங்கே சோதிக்கப்படுகிறது என்று கேளுங்கள். நம் பக்கத்தில் இருப்பவை பல, ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பும் சேகரிப்பு மையங்கள். எடுத்த குழாய் எத்தனை மணி நேரம் வெளியில் இருந்தது, குளிர்ப்பெட்டியில் போனதா, ரத்த அணுக்கள் உடைந்து சிவந்துபோனதா, பெயர்ச் சீட்டு சரியாக ஒட்டப்பட்டதா என்பதெல்லாம் முடிவைப் பாதிக்கும். ஆய்வகத் தவறுகளில் கணிசமானவை மெஷினுக்குள் நடப்பதில்லை. மாதிரி மெஷினுக்குப் போய்ச் சேரும் முன்பே நடக்கின்றன. உங்கள் முன்னால் குழாயில் பெயர் எழுதச் சொல்லுங்கள். ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் உள்ள லேபா என்று பாருங்கள்.

ரிப்போர்ட்டில் வரும் எண் பலரைத் தூங்கவிடாமல் செய்கிறது. பெரும்பாலான மெஷின்களில் 1 என்பது எல்லைக்கோடு. போன மாதம் 0.12, இந்த மாதம் 0.34 என்று வந்தால் கிருமி வளர்கிறது என்று அர்த்தம் கிடையாது, இரண்டுமே "இல்லை"தான். 1-ஐக் கொஞ்சம் தாண்டி, 1.4, 2.1 என்று வருவதில் பெரும்பகுதி பின்னால் தவறான எச்சரிக்கையாக முடியும். ஆனால் அதைச் சரிபார்க்காமல் விட முடியாது, ஏனென்றால் மிக ஆரம்ப நாளில் இருக்கும் உண்மையான தொற்றும் இப்படித்தான் தலைகாட்டும்.

மறைமுகச் செலவுகளைச் சொல்ல வேண்டும். ரிப்போர்ட் வாட்சப்பில் வரும். எந்த எண் கொடுத்தீர்களோ அந்தப் போனுக்கு வரும். அண்ணன் போனையோ ஏஜென்ட் போனையோ கொடுத்தவர்கள் பிறகு பட்ட பாடு கொஞ்சம் இல்லை. முழு உடல் பரிசோதனைத் தொகுப்பில் எச்.ஐ.வி.யும் சேர்ந்திருக்கிறது என்று தெரியாமலே ரத்தம் கொடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரியைப் பார்த்து உறைந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்க ஆலோசகர் கிடையாது. கூகுள்தான் இருக்கிறது. மறுபடி எடு, பி.சி.ஆர். எடு, சி.டி.4 எடு என்று யாரோ சொல்லச் சொல்லப் பணம் ஓடும். சி.டி.4 என்பது தொற்று இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டே கிடையாது. தொற்று உறுதியானவரின் நோய் எதிர்ப்புச் சக்தி எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க எடுப்பது.

வீட்டுக் கிட்

விரல் நுனி ரத்தத்திலோ ஈறு நீரிலோ தானே பார்த்துக்கொள்ளும் கிட்டை உலக சுகாதார நிறுவனம் 2016-இலேயே பரிந்துரைத்தது. யாருக்கும் தெரியாமல் பார்க்கலாம் என்பது இதன் பெரிய ஆதாயம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நம்பிக்கை மையத்துக்கு எந்த ஜென்மத்திலும் போகமாட்டேன் என்கிறவர் இதன் மூலமாவது தன் நிலையைத் தெரிந்துகொண்டால் நல்லதே.

ஆனால் நம் கடற்கரையில் இதற்குச் சில தனிச் சிக்கல் உண்டு. ரேபிட் கிட்டுகள் பொதுவாக 2 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. கூரியர்காரர் பெட்டியில் சித்திரை வெயிலில் சாயல்குடி வரை வந்த கிட் என்ன சூட்டைப் பார்த்தது என்று யாருக்கும் தெரியாது. உறையைப் பிரித்து வைத்துவிட்டு அரைமணி நேரம் யோசித்தால் கடல்காற்றின் ஈரம் உள்ளே இறங்கிவிடும். எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு கடைசியில்தான் உறையைப் பிரிக்க வேண்டும். கடிகாரம் பார்க்க வேண்டும்: தாளில் போட்ட நிமிடத்துக்கு முன்னால் பார்த்தாலும் தவறு, அதற்குப் பிறகு காய்ந்த பட்டையில் மெல்லிய கோடு தெரிவதைப் பார்த்துப் பயந்தாலும் தவறு. டெஸ்ட் ஓடியதா என்று காட்டும் மேல் கோடு (C என்று குறித்தது) விழாவிட்டால் அந்தக் கிட் செல்லாது. விழுந்தாலும், பல கிட்டுகளில் அது திரவம் ஓடியது என்பதை மட்டும்தான் காட்டும். நீங்கள் போட்ட ரத்தம் போதுமா என்பதை அது சொல்லாது. ஈறு நீரில் எதிர்ப்புப் புரதம் ரத்தத்தைவிடக் குறைவு என்பதால் ஆரம்ப நாளில் அதை நம்பவே வேண்டாம்.

கோடு விழுந்தால் நம்பிக்கை மையம்தான், வேறு வழி இல்லை. ராத்திரி தனியாக இருக்கும்போது இதை எடுக்காதீர்கள். மறுநாள் காலை மையம் திறந்திருக்கும் நாளாகப் பார்த்து, நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது எடுங்கள்.

பி.சி.ஆர்.

விலை அதிகம் என்பதால் இதுதான் சிறந்தது என்று நினைக்கிறார்கள். பெரியவர்களுக்கு முதல் டெஸ்டாக இது பெரும்பாலும் தேவைப்படாது. வைரல் லோடு என்று விற்கப்படும் பி.சி.ஆர்., ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று எண்ணி, சிகிச்சையில் இருப்பவரைக் கண்காணிக்கச் செய்தது. அதில் மிகக் குறைந்த எண்ணிக்கை தவறாகவும் வரலாம். எச்.ஐ.வி.-1-க்கான வைரல் லோடு எச்.ஐ.வி.-2-ஐக் காட்டாது, மேற்கு ஆப்பிரிக்காவில் அதிகம் காணப்படும் இந்த இரண்டாம் வகை இந்தியாவிலும் இருக்கிறது, அதற்குச் சில மருந்துகளும் வேலை செய்யாது.

இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரியது. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களுக்குச் சில மாதத்தில் பி.சி.ஆரில் கிருமி தென்படாத நிலை வரும். அது மருந்தின் வெற்றி. அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு "குணமாகிவிட்டது, மருந்தை நிறுத்து, என் லேகியத்தைச் சாப்பிடு" என்று சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்டால் சில வாரத்தில் கிருமி திரும்பிவிடும்.

இது கட்டாயம் தேவைப்படும் இடம் குழந்தைகள். தொற்றுள்ள தாயின் எதிர்ப்புப் புரதம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்து 18 மாதம் வரை தங்கியிருக்கும். ஆகவே அதுவரை ரேபிட் கிட்டில் கோடு விழுந்தால் அது தாயினுடையதா குழந்தையினுடையதா என்று பிரிக்க முடியாது. நம்பிக்கை மையத்தில் ஆறாவது வாரத்திலேயே குழந்தையின் குதிகாலில் சில சொட்டு ரத்தம் எடுத்துத் தாளில் காயவைத்து, மரபுப்பொருள் டெஸ்டுக்கு அனுப்புவார்கள், இலவசமாக. அதில் இல்லை என்று வந்தாலும் தாய்ப்பால் கொடுக்கும் காலம் முழுதும் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஆறாவது வாரத் தடுப்பூசி போடப் போகும் அதே நாளில் இதையும் முடித்துவிடலாம் என்பதால் அம்மாக்கள் இதைத் தவறவிடக் கூடாது.

ரத்த தானம் ஒரு வழியே கிடையாது

"ரத்தம் கொடுத்தால் அவர்களே எல்லாம் பார்த்துவிடுவார்கள்" என்று நினைத்து முகாமில் வரிசையில் நிற்கிறவர்கள் உண்டு. சந்தேகம் உள்ளவர் ஒருபோதும் இதைச் செய்யக்கூடாது. ரத்த வங்கியின் டெஸ்டுக்கும் அதே நாள் கணக்குதான். ஆரம்ப நாளில் இருப்பவரின் ரத்தம் தப்பிப் போய் இன்னொருவர் உடம்பில் ஏறும். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்குத் தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது தமிழ்நாட்டையே உலுக்கியது. ரத்தம் கொடுத்த இளைஞருக்குத் தன் நிலை வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில்தான் தெரிந்தது. தெரிந்ததும் தானே போய்த் தகவல் சொன்னவர் அவர். பிறகு அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். தனக்கு என்ன என்று தெரிந்துகொள்ள ஒழுங்கான வழியும், தெரிந்த அன்று பக்கத்தில் பேச ஒரு ஆளும் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நான் சொல்ல எதுவும் இல்லை.

இரண்டு இடத்தில் இரண்டு முடிவு வந்தால்

அதிகம் குழப்புவது இதுதான். தனியார் லேபில் நான்காம் தலைமுறை டெஸ்ட் "இருக்கிறது" என்கிறது. மறுநாள் நம்பிக்கை மையத்தில் முதல் கிட்டே "இல்லை" என்கிறது. வீட்டுக்காரர்கள் ஒரு பக்கம் லேபைத் திட்டுவார்கள், இன்னொரு பக்கம் அரசு ஆஸ்பத்திரியை நம்பமாட்டார்கள்.

இரண்டுமே சரியாக இருக்கலாம். லேப் டெஸ்ட் பி24 புரதத்தைப் பிடித்திருக்கலாம், எதிர்ப்புப் புரதம் இன்னும் வராததால் ரேபிட் கிட்டுக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அப்படியானால் இது புத்தம் புதிய தொற்று. அல்லது லேபின் முடிவு தவறான எச்சரிக்கையாக இருக்கலாம். இரண்டையும் பிரிப்பது சம்பவத்தின் தேதியும் காலமும். மையத்தில் ஆலோசகரிடம் லேப் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். மறைத்துவிட்டுப் புதிதாக எடுப்பது போல் எடுக்காதீர்கள். போன மாதத்தில் காய்ச்சல், உடம்பில் தடிப்பு, நெறி கட்டியது என்று இருந்தால் அதையும் சொல்லுங்கள். சம்பவம் பல மாதத்துக்கு முந்தியது என்றால், மையத்தின் "இல்லை"க்கு எடை அதிகம். அண்மையில் நடந்தது என்றால் இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும், அல்லது மருத்துவர் சொன்னால் பி.சி.ஆர். இந்த இடத்தில் பி.சி.ஆருக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. இடைப்பட்ட நாட்களில் ஆணுறை கட்டாயம், ரத்த தானம் கூடாது.

வளைகுடா போகிறவருக்கும், கர்ப்பிணிக்கும்

வளைகுடா நாடுகளுக்கான மெடிக்கலில் எச்.ஐ.வி. டெஸ்ட் உண்டு, தொற்று இருந்தால் வேலை விசா கிடைக்காது. அங்கே உங்களுக்காக மூன்று கிட் போட்டுப் பொறுமையாக விளக்க யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஆகவே ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே நம்பிக்கை மையத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மெடிக்கலில் "தகுதியில்லை" என்று வந்துவிட்டால், காரணம் எச்.ஐ.வி.தானா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு நேராக மையத்துக்கு வாருங்கள். ஊருக்குத் திரும்பாமல் சென்னையிலோ திருச்சியிலோ ஒளிந்துகொண்டிருக்க வேண்டாம். அந்த ஊர்களிலும் மையம் இருக்கிறது.

கர்ப்பிணிகளுக்கு அரசில் எடுப்பதைத்தான் நான் முழுதாகச் சொல்வேன். கர்ப்பப் பதிவின்போதே டெஸ்ட் எடுத்துவிடுகிறார்கள், உறுதியானால் அன்றைக்கே மருந்து தொடங்க வழி இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் விட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். மருந்து எடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். கணவரும் எடுக்க வேண்டும். மனைவிக்கு "இல்லை" என்று வந்ததே தனக்கும் போதும் என்று கணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள், அது தவறு. கர்ப்ப காலத்தில் கணவருக்குப் புதிதாகத் தொற்றி, அவரிடமிருந்து மனைவிக்கு வந்தால், முதல் மாதத்தில் எடுத்த டெஸ்ட் அதைக் காட்டாது. கணவர் கொச்சியிலோ மங்களூரிலோ போட்டில் இருக்கிறார் என்றால், அங்கிருந்தே எந்த அரசு மையத்திலும் எடுத்துக்கொள்ளலாம். கடைசி மூன்று மாதத்தில் மனைவிக்கு இன்னொரு தடவை எடுக்கச் சொல்லி நர்ஸம்மாவிடம் நீங்களே கேளுங்கள்.